நாட்சம்பளமா, கிலோக் கணக்கா?

செலவு தாங்கவில்லை என்று சொல்லும் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டக் கம்பெனிகள், நாட்சம்பளத்தை விட்டு அவுட்குரோவர் முறைக்கு வரச் சொல்கின்றன. ஒரு துண்டு மலையைக் குடும்பத்திடம் பிரித்துக் கொடுப்பார்கள். பறித்துக் கொடுக்கும் கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசு.

நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானது, 2024இல் 1,350. அதுவும் நோம்ஸ், அதாவது ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோக் கணக்கு, எடுக்காவிட்டால் அரைப் பேர்தான் விழும், பாதி நாட்சம்பளம். ஆனால் சம்பளத் துண்டில் சேமலாப நிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு) என்று ஒரு வரி இருக்கிறதே, கம்பெனி போடும் 12 சதவீதம், அதைச் சும்மா விட முடியுமா? ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதம் வேறு.

புதிய முறையில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லை, கங்காணியின் சத்தமும் இல்லை. கொழுந்து நிறைய வரும் மாதங்களில் கை கூடவே நிறையும். சரி, ஹட்டன் பக்கம் கொழுந்து குறையும் தை, மாசி வெயிலில்? உரத்துக்கும் மருந்துக்கும் பிடித்தது போக மிச்சம் எவ்வளவு? காணி உறுதியும் (நிலப் பத்திரம்) கைக்கு வராது; கம்பெனிக்கே அது அரசாங்கத்தின் குத்தகைக் காணிதான்.

ஒருவர் மட்டும் உழைக்கும் வீட்டுக்கு இப்போதைக்கு நாட்சம்பளமே மேல். இளசுகள் இரண்டு பேர் இருந்தால் ஒரு வருடம் பார்க்கலாம், சேமலாப நிதி தொடரும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு.