ஏப்ராம்ஸோட 'எ குளோசரி ஆஃப் லிட்ரரி டெர்ம்ஸ்': வாங்கலாமா, வாங்கினா எப்படி படிக்கணும்

இங்கிலீஷ் லிட்ரேச்சர் எடுத்து படிக்கிறவங்களுக்கு முதல் வருஷமே சீனியர்ங்க சொல்ற பேரு எம்.எச்.ஏப்ராம்ஸ். பி.ஏ., எம்.ஏ., நெட் (காலேஜ் வாத்தியார் வேலைக்கான தகுதித் தேர்வு), பிஜி டிஆர்பி (ஸ்கூல் பிஜி டீச்சர் தேர்வு) எதுக்கு தயார் பண்ணாலும் இலக்கியக் கலைச்சொற்களை விளக்கற அவரோட இந்த புக்கு வந்து நிக்கும். 1957ல முதல் பதிப்பு வந்துச்சு, கார்னெல் யுனிவர்சிட்டி புரொஃபசரா இருந்த ஏப்ராம்ஸ் திரும்பத் திரும்ப அதை திருத்திக்கிட்டே இருந்தாரு, பின்னாடி வந்த பதிப்புகள்ல ஜெஃப்ரி கால்ட் ஹார்ஃபமும் சேர்ந்துக்கிட்டாரு. மனுஷன் 2015ல காலமானப்ப வயசு 102.

நிறைய பேரு இதை டிக்‌ஷனரின்னு நினைச்சு வாங்கிட்டு ரெண்டே நாள்ல மூடி வச்சிடறாங்க, எனக்கு அதுதான் வருத்தம். சினெக்டகி (ஒரு பகுதியைச் சொல்லி முழுசையும் குறிக்கறது)ன்னு தேடினா அங்க விளக்கம் இருக்காது, 'ஃபிகரேட்டிவ் லாங்வேஜ்'ங்கற கட்டுரைக்குள்ள சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), மெட்டானமி (ஒன்னை அதோட தொடர்புள்ள இன்னொன்னோட பேரால சொல்றது) எல்லாத்தோடயும் சேர்ந்து உக்காந்திருக்கும். பழைய பதிப்புன்னா கடைசில இருக்கற இண்டெக்ஸ்ல பக்க எண்ணைப் பார்த்துதான் போகணும். எரிச்சலாத்தான் இருக்கும், ஆனா இந்த புக்கோட பலமே இந்த அமைப்புதான்னு நான் நினைக்கிறேன், ஏன்னா ஒரு டெர்ம் புரியணும்னா அதுக்குப் பக்கத்துல இருக்கற டெர்ம்ல இருந்து அது எங்க பிரியுதுன்னு தெரியணும். கைடுல ஒவ்வொன்னுக்கும் ரெண்டு வரி மனப்பாடம் பண்ணிட்டு போறவங்க எக்ஸாம்ல ஒரு கவிதை வரியைக் கொடுத்து இது என்னன்னு கேட்டா மாட்டிக்கறது இதனாலதான்.

சிமிலிக்கு அவர் எடுத்துக்கறது ராபர்ட் பர்ன்ஸோட 'ஓ மை லவ்ஸ் லைக் எ ரெட், ரெட் ரோஸ்'. அதே வரில 'லைக்'கை எடுத்துட்டா அது மெட்டஃபர்னு அங்கயே காட்டிடறாரு. அப்புறம் விமர்சகர் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ் 1936ல கொண்டுவந்த டெனர், வெஹிக்கிள், அதாவது எதைப் பத்தி பேசறோம், எதை வச்சு பேசறோம்ங்கற பிரிப்பு. உவமை, உருவகம்னு ஸ்கூல்லயே படிச்சிட்டு வந்த நமக்கு இந்த பகுதி சீக்கிரம் ஒட்டிக்கும்.

ஆனா மீட்டர், அதாவது கவிதையோட தாளத்தைப் பத்தின பகுதிக்கு வரும்போது நம்ம யாப்பு அறிவை கொஞ்சம் ஓரமா வச்சிடுங்க. நேர், நிரை எல்லாம் குறில் நெடில் ஒற்று பார்த்து பிரிக்கறது, இங்கிலீஷ்ல அழுத்தம் எங்க விழுதுங்கறதுதான் கணக்கு. கவிஞர் தாமஸ் கிரேயோட 'த கர்ஃபியூ டோல்ஸ் த நெல் ஆஃப் பார்ட்டிங் டே' வரியைத்தான் அயாம்பிக்குக்கு கொடுத்திருக்காரு, வாய்விட்டு படிச்சு கையால தட்டிப் பாருங்க, ரெண்டாவது அசைல அழுத்தம் விழற மாதிரி அஞ்சு தடவை வரும். அனபெஸ்டுக்கு பைரனோட 'தி அசிரியன் கேம் டவுன் லைக் எ உல்ஃப் ஆன் த ஃபோல்ட்', ரெண்டு லேசா ஒன்னு அழுத்தமா குதிரை ஓடற மாதிரியே இருக்கும். கண்ணால மட்டும் படிச்சா இந்த பகுதி ஏறவே ஏறாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 'அயர்னி' (முரண்நகை) கட்டுரை. பழைய கிரேக்க காமெடில வர்ற, தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடிக்கிற ஐரான்ங்கற பாத்திரத்துல ஆரம்பிச்சு வெர்பல், ஸ்ட்ரக்சரல், டிரமாடிக், காஸ்மிக்னு ஒவ்வொன்னா பிரிச்சுக்கிட்டே போறாரு. டிரமாடிக் அயர்னின்னா பாத்திரத்துக்குத் தெரியாதது பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கறது, அதுக்கு கிரேக்க நாடகத்துல வர்ற ராஜா ஈடிபஸ்தான் எல்லாரும் சொல்ற உதாரணம், கொலைகாரனைத் தேடறவனே கொலைகாரன்னு நமக்கு முன்னாடியே தெரியும், அவனுக்குத் தெரியாது. இதைப் படிச்சதும் சிலப்பதிகாரத்துல கொலைக்களக் காதையை எடுத்துப் படிங்க. சிலம்பை விக்க வந்த கோவலன் நம்பி காட்டற பொற்கொல்லன்தான் அரசியோட சிலம்பைத் திருடினவன்னு நமக்குத் தெரியும், கோவலனுக்குத் தெரியாது, அந்த டெர்ம் அதுக்கப்புறம் சாகற வரைக்கும் மறக்காது. இந்த புக்குல இருந்து ஒரு டெர்ம் கத்துக்கிட்டா நமக்கு நல்லா தெரிஞ்ச ஒரு கதைல அதைத் தேடிப் பாக்கறதுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்ற வழி.

ஃபிக்‌ஷனுக்கு நாவலாசிரியர் இ.எம்.ஃபார்ஸ்டர் 1927ல சொன்ன ஃப்ளாட், ரவுண்ட் கேரக்டர் (ஒரே குணத்துல நிக்கறது, பல பக்கம் உள்ளது), பாயிண்ட் ஆஃப் வியூ (கதையை யார் பார்வைல சொல்றோம்), ஸ்ட்ரீம் ஆஃப் கான்ஷியஸ்னஸ் (மனசு ஓடறதை அப்படியே எழுதறது) எல்லாம் தெளிவா இருக்கு. டிராமாவுக்கு ஹமார்ஷியா (நாயகனை வீழ்த்தற தவறு), கதார்சிஸ் (இரக்கமும் பயமும் பொங்கி மனசு லேசாகறது), சொலிலக்வி (தனிமொழி), ஃப்ரைடாக் பிரமிட் (நாடகக் கதை ஏறி இறங்கற அமைப்பு) எதுவும் விட்டுப்போகல.

குறைன்னா தியரி, அதாவது இலக்கியக் கோட்பாடுகள்தான். டீகன்ஸ்ட்ரக்‌ஷன், நியூ ஹிஸ்டாரிசிசம் கட்டுரை எல்லாம் ஒரு பத்தியைத் தாண்ட மூச்சு முட்டுது, முதல் வருஷ பசங்க அந்தப் பக்கமே போக வேண்டாம். உதாரணம் பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கா, கிரேக்கம்தான், சங்கப் பாட்டுல மறைமுகமா பொருள் சொல்ற உள்ளுறை, இறைச்சி எல்லாம் இதுல தேடாதீங்க. ரெண்டு வரில விளக்கம் போதும், அவசரம்னா கிறிஸ் பால்டிக்கோட ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி நல்லது, கஷ்டமான வார்த்தைக்கு உச்சரிப்பும் இருக்கும். காசு செலவு பண்ண முடியாதவங்களுக்கு பொயட்ரி ஃபவுண்டேஷன் சைட்ல டெர்ம்ஸ் லிஸ்ட் இலவசமாவே இருக்கு, ஆனா அது கவிதையை ஒட்டித்தான் இருக்கும், நாடகத்துக்கு பத்தாது.

வாங்கும்போது ஒன்னு பண்ணுங்க, கடைசி பக்கங்களைப் புரட்டிப் பாருங்க. ஒரு கடைல நான் வாங்கின காப்பில இண்டெக்ஸ் பக்கமெல்லாம் மை மங்கி படிக்கவே முடியல, இண்டெக்ஸ் இல்லாம பழைய பதிப்பு பாதி உபயோகம்தான். கவிதை, கதை, நாடகம் மட்டும் போதும்னா 1999ல வந்த 7ஆவது பதிப்பு பழைய புத்தகக் கடைல கிடைச்சாலும் தாராளமா எடுத்துக்கலாம், தியரியும் சேர்த்து நெட் எக்ஸாமுக்குப் படிக்கறவங்க மட்டும் 11ஆவது பதிப்புக்கு செலவு பண்ணுங்க.