மாடித் தோட்டத்துக்குச் சொட்டுநீரும் டைமரும்: பெங்களூரில் சில கோடைகள் ஓட்டிப் பார்த்த பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். மொட்டை மாடியில் இருபது தொட்டிக்கு மேல் இருக்கிறது, பொங்கல் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்றால் சொட்டுநீர் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். ஆனால் கடையில் கட்டிவைத்திருக்கும் செட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வராதீர்கள். அதில் பாதி சாமான் மோட்டார் அழுத்தத்துக்குச் செய்தது. நம் வீட்டு மாடியில் அந்த அழுத்தம் கிடையாது. கீழே எழுதியிருப்பதில் முக்கால்வாசி அந்த ஒரு சங்கதிதான்.

வீடு ராமமூர்த்தி நகர் பக்கம், முப்பதுக்கு நாற்பது மனை. மாடியில் சுமார் நாற்பது குரோ பேக் (செடி வளர்க்கும் பை). தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, ஓரமாக ஒரு அவரைப் பந்தல், பெரிய டிரம்மில் கறிவேப்பிலை, அம்மாவின் பிரண்டை, தூதுவளை, கற்பூரவள்ளி. 2021 கடைசியில் சொட்டுநீர்க் குழாய் போட்டேன், டைமர் அதற்கு அடுத்த கோடையில் வந்தது. ஆரம்பத்தில் தண்ணீர் படிக்கட்டுக் கூண்டு மேலே இருக்கும் ஓவர்ஹெட் டேங்கிலிருந்து வந்தது. 2024இலிருந்து டிரம்மிலிருந்து வருகிறது. அந்தக் கதை பின்னால்.

அழுத்தக் கணக்கு சுலபம். தண்ணீர் ஒரு மீட்டர் உயரத்தில் நின்றால் கீழே 0.1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கிடைக்கும். கூண்டு மேல் இருக்கும் டேங்க் மாடித் தரையிலிருந்து மூன்று மீட்டர் என்றால் 0.3 பார். கடையில் ‘நல்ல டிரிப்பர் சார், எல்லாச் செடிக்கும் ஒரே அளவு போகும்’ என்று குழாயில் செருகும் சொட்டு முனையைக் காட்டுவார்களே, அந்த அழுத்தம் சமன்செய்யும் டிரிப்பர் ஒழுங்காக வேலை செய்ய அரை பாரிலிருந்து ஒரு பார் வரை வேண்டும். தோட்டத்தில் மோட்டார் போட்டு ஓட்டுகிறவருக்கு அது அருமையான பொருள். நம் மாடியில் அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வு பாட்டுக்குச் சும்மா கிடக்கும். முதல் வரிசையில் நீர் வரும், கடைசி வரிசையில் டிரிப்பர் மூக்கில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே இருக்கும், விழாது. டேங்கிலிருந்து ஓட்டுவதென்றால் திருகித் திறக்கிற சாதா டிரிப்பர் போதும். டிரம் என்றால் 4 மிமீ மைக்ரோ டியூப்பை வெட்டி நேரடியாகத் தொட்டியில் விடுவதே மேல். தூரத்துத் தொட்டிக்குக் குட்டைத் துண்டு, பக்கத்துத் தொட்டிக்கு நீளத் துண்டு என்று வெட்டினால் ஓரளவு சமமாக வந்துவிடுகிறது. சந்தேகம் இருந்தால் முதல் தொட்டியிலும் கடைசித் தொட்டியிலும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலை வைத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். என்னுடையதில் கடைசிப் பாட்டிலில் கால்வாசி குறைவாகத்தான் விழும். அந்த வரிசையில் தண்ணீர் அதிகம் கேட்காத செடிகளை வைத்துவிட்டேன்.

டைமரிலும் இதே வில்லங்கம். செல் போட்டு ஓடும் டைமரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று சோலனாய்டு வால்வு, அதாவது மின்காந்தத்தால் இயங்குவது. இதில் பெரும்பாலானவை திறந்து மூட நீரின் அழுத்தத்தையே நம்பியிருப்பவை, அரை பாராவது கேட்கும். இன்னொன்று, சின்ன மோட்டார் ஒன்று பால் வால்வை (துளையுள்ள உருண்டை அடைப்பான்) திருப்பும் வகை. இது அழுத்தமே இல்லாவிட்டாலும் திறக்கும், மூடும். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் பூஜ்ஜியம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். எதிர் வீட்டு மாடியில் ஒருவர் முதல் வகையை மாட்டிவிட்டு, அது ‘டிக்’ என்று சத்தம் மட்டும் போட்டுவிட்டு நீர் விடாமல் நிற்பதைப் பார்த்து மாற்றிவிட்டார். திரும்ப எடுத்துக்கொள்ளக் கடையில் மறுத்துவிட்டார்களாம்.

என் டைமர் இரண்டாவது வகை. இரண்டு பென்சில் செல், ஒரு ஜோடி பாதி வருஷத்துக்கு மேல் வருகிறது. அல்கலைன் செல்லாகப் போடுங்கள், சாதா செல் கசிந்து உள்ளே பச்சை பூத்துவிடும். திரை வெயிலில் வெளுத்து எண் மங்கிவிட்டது; ஐந்து லிட்டர் கேனைப் பாதியாக வெட்டி மூடாக்குப் போட்ட பிறகு அதற்கு மேல் மோசமாகவில்லை. ஒரு எச்சரிக்கை: செல் தீரும் நேரத்தில் வால்வு திறந்திருந்தால் திறந்தபடியே நிற்கும். ஊருக்குக் கிளம்பும் முன் பழைய செல்லைத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்துக்குக் கொடுத்துவிட்டுப் புதுசு போட்டுவிடுவேன். இதன் பிளாஸ்டிக் மரையும் கொஞ்சம் மென்மை. ‘டைட்டா வெச்சாதாண்ணா லீக் ஆவாது’ என்று பிளம்பர் தம்பி பைப் ரெஞ்சை எடுத்தார், மரை விரிந்துவிட்டது. டெஃப்லான் டேப்பை நாலு சுற்றுச் சுற்றிக் கையால் முறுக்கினாலே போதும்.

இப்போது 2024 மார்ச். பெங்களூரில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். போர்வெல்கள் வற்றி, டேங்கர் விலை ஏறி, கடைசியில் குடிநீர் வாரியம் காவேரித் தண்ணீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டது. சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து, ஊரின் உயரத்துக்கு மேலே ஏற்றிக் கொண்டுவருகிற தண்ணீர். அதைச் செம்பருத்திக்கு விடுவதில் நியாயமில்லைதான். எங்கள் ஓவர்ஹெட் டேங்கில் காவேரியும் போரும் கலந்தே ஏறும் என்பதால் லைனையே பிரித்துவிட்டேன். பழைய 200 லிட்டர் நீல டிரம் இரண்டு வாங்கி, முன்னால் அதில் என்ன இருந்தது என்று மோந்து பார்த்துத்தான் வாங்கினேன், சிமெண்ட் கல் அடுக்கி மூன்றடி உயரத்தில் உட்கார வைத்தேன். மழைக் குழாயிலிருந்து ஒரு கிளை, வாஷிங் மிஷினில் கடைசி அலசல் தண்ணீர், காய்கறி கழுவிய நீர் எல்லாம் அதில்தான்.

மாடியில் 900 சதுர அடி கூரை என்றால் 10 மிமீ மழைக்கே எண்ணூறு லிட்டருக்கு மேல் கிடைக்க வேண்டும். பெங்களூரில் மே மாதம் ஒரு மழை, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை ஒரு மழை என்று இரண்டு பருவமும் கை கொடுக்கும். பிப்ரவரி, மார்ச்தான் தொண்டையைப் பிடிக்கிற மாதங்கள். அப்போது அலசல் தண்ணீர்தான் கதி. திரவ சோப்புப் போட்டு, கடைசி அலசலை மட்டும் எடுத்து, அதையும் பூச்செடிக்கும் கறிவேப்பிலைக்கும் மட்டும் விடுகிறேன். கீரைக்கு விடுவதில்லை. ஆர்.ஓ. மிஷின் கழித்துவிடும் நீரைப் பலர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பெல்லாம் செறிந்து இருக்கிறது, வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். டிரம் வாயில் கொசுவலையை இழுத்துக் கட்டுவது கட்டாயம். டெங்குக் கொசு வளர்வதற்குத் தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

டிரம்மில் ஒரு சிக்கல் உண்டு. நீர் இறங்க இறங்க அழுத்தமும் இறங்கும். டிரம் நிரம்பியிருக்கும்போது பதினைந்து நிமிடத்தில் முடியும் வேலை, பாதிக்குக் கீழே போனால் அரை மணி கேட்கும். டைமருக்கு இது தெரியாது. அதனால் கோடையில் தினமும் காலையில் டிரம்மைப் பார்த்து நிமிடத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கிறது. தானியங்கி என்று வாங்கியது பாதி தானியங்கியாகத்தான் நிற்கிறது.

அடைப்பு. போர் தண்ணீர் ஓடிய காலத்தில் டிரிப்பர் மூக்கில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டும். திருகித் திறந்தால் உள்ளே அந்தச் சின்ன சந்து முழுக்க மாவு மாதிரி ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் ஓரம் மட்டும் பெயரும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து இரவு ஊறவைத்தால், போட்டவுடனே நுரை கிளம்பும், காலையில் கழுவினால் போய்விடும். மழை நீருக்கு மாறிய பிறகு சுண்ணாம்பு குறைந்தது, பாசியும் தூசியும் கூடின. ஆகவே ஃபில்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். முக்கால் இஞ்ச் ஸ்கிரீன் ஃபில்டர், 120 மெஷ், அதாவது அங்குலத்துக்கு 120 கண்ணி உள்ள வலை. அதைக் கழற்றினால் துணி நூல், இலைத் துணுக்கு, தலைமுடி என்று என்னென்னவோ வரும். வாரம் ஒருமுறை கழுவுவது என் பையன் வேலை, அவனுக்கு அந்த அழுக்கைப் பார்ப்பதில் ஒரு ஆனந்தம். மாதம் ஒருமுறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் போகிறவரை ஓடவிடுகிறேன். குழாய் கறுப்பாகவே இருக்கட்டும், வெளிச்சம் ஊடுருவும் குழாயில் பாசி பிடித்துவிடும்.

அணில் பற்றியும் சொல்ல வேண்டும். கோடையில் தாகத்துக்குக் குழாயைக் கடிக்கிறது. ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு குறைந்தது, நிற்கவில்லை. ஜாயிண்டரும் (குழாய் இணைப்பு) டம்மியும் (ஓட்டை அடைக்கும் மூடி) கையிருப்பில் இருந்தால் அஞ்சு நிமிட வேலை.

செடிகளுக்கு என்ன ஆச்சு என்பதுதான் கேள்வி. தக்காளிக்குப் பெரிய லாபம். ஒருநாள் காய்ந்து மறுநாள் குளிப்பாட்டினால் காயின் அடி கறுத்து அழுகும், பழம் வெடிக்கும். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரச் சீரான ஈரம் வேண்டும். டைமர் வந்த பிறகு இரண்டும் வெகுவாகக் குறைந்தன. ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக் ரகம் போடுகிறேன். இலைச்சுருட்டு நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்குகிற வீரிய ஒட்டு ரகம். அதனால் விதையைச் சேமித்துப் போட்டால் அதே செடி வராது, புது விதைதான் வாங்க வேண்டும். கத்தரி, மிளகாய் இரண்டும் நன்றாகவே வருகின்றன. அவரை எப்படியும் வரும், மார்கழிக் குளிரில் பெங்களூரில் அவரை வராவிட்டால்தான் அதிசயம்.

கீரைக்கு இது உதவாது. விதை தூவிய தட்டில் சொட்டு விழும் இடத்தில் மட்டும் முளைத்து மற்ற இடம் காய்ந்து கிடக்கும். பூவாளிதான் சரி. பிரண்டைக்கும் கற்பூரவள்ளிக்கும் லைனைத் துண்டித்துவிட்டேன், அழுகுகின்றன. அம்மா அப்போதே சொன்னார்: ‘ஏம்ப்பா, பிரண்டைக்கு எவனாவது டைம் பார்த்துத் தண்ணி ஊத்துவானா?’

மண் கலவையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. வெறும் தென்னை நார்க் கழிவில் சொட்டு நேராகக் கீழே இறங்கிவிடுகிறது. பையின் நடுவில் ஒரு ஈரத் தூண், சுற்றிலும் வறட்சி. செம்மண், நார்க் கழிவு, தொழு உரம் மூன்றையும் சமமாகக் கலந்து மேலே காய்ந்த இலை மூடாக்குப் போட்டால் ஈரம் பரவுகிறது. பதினெட்டு இஞ்ச் பைக்கு இரண்டு சொட்டு முனை தேவை. ஈரம் முடியும் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். அதற்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாளியால் தாராளமாக ஊற்றி அலசிவிடுகிறேன், மழைக்காலத்தில் அது தானாகவே நடக்கும். பைகள் விஷயத்தில் சுருக்கமாக: எச்டிபிஇ என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த கனமான பையின் துணி தாங்குகிறது, தையல் நூலும் கைப்பிடியும்தான் முதலில் வெயிலில் உளுத்துப் போகின்றன. மெல்லிய பிளாஸ்டிக் பை இரண்டாவது கோடையைப் பார்ப்பதில்லை.

இதில் எனக்குப் பிடிக்காத ஒன்று, பூச்சி. கையால் ஊற்றிய நாளில் ஒவ்வொரு தொட்டி முன்னாலும் அரை நிமிடமாவது நிற்போம். இலைக்கு அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கேயே நசுக்கியாயிற்று. டைமர் வந்த பிறகு மாடி ஏறுவது குறைந்தது, செம்பருத்தியில் மாவுப்பூச்சி கிளை முழுக்க ஏறிய பிறகுதான் கண்ணில் படுகிறது. வேப்பெண்ணெய்ச் செலவு முன்பைவிடக் கூடியிருக்கிறது என்றே சொல்வேன்.

மழை உணரும் கருவி என் டைமரில் இல்லை, ‘மழை இடைவெளி’ பட்டன் ஒன்று உண்டு, அழுத்த மறந்தால் கொட்டுகிற மழையிலும் தன் கடமையைச் செய்யும். ‘மிஷினுக்கு மழை பெய்யுறது தெரியலையாடா?’ என்று கீழிருந்து குரல் வந்தால் ஓடிப்போய் அழுத்துவேன்.

செலவு: டைமர், ஃபில்டர், குழாய், சில்லறை எல்லாம் நான் வாங்கியபோது ஐயாயிரத்துக்குள் முடிந்தது, டிரம் தனி. டைமருக்குத்தான் அதில் பாதிக்கு மேல். பத்துப் பன்னிரண்டு தொட்டிதான் என்றால் இதெல்லாம் வேண்டாம், நல்ல பூவாளி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போடுவதாக முடிவு செய்தால் முதலில் குழாயும் ஃபில்டரும் மட்டும் வாங்கிக் கைவால்வில் ஒரு மாதம் ஓட்டுங்கள், எந்த வரிசைக்கு நீர் போகவில்லை என்பது அதற்குள் தெரிந்துவிடும். டைமரை அப்புறம் வாங்கலாம். வாங்கும்போதே மைக்ரோ டியூப் கூடுதலாகப் பத்து மீட்டர், ஜாயிண்டர் ஒரு கைப்பிடி, குழாயில் ஓட்டை போடும் பஞ்ச் ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். ஆணியைச் சுட்டுத் துளை போட்டால் ஓட்டை பெரிதாகி அங்கேயே ஒழுகும்.