துருமாற்றி பூசி நாலு வருடம்: காரின் தரையில் எது நின்றது, எது உரிந்தது

போன வாரம் முன்சீட்டு இரண்டையும் கழற்றி, கார்பெட்டைச் சுருட்டி வெளியே எடுத்தேன். இந்தக் காரின் தரைத்தகட்டை முழுசாகப் பார்ப்பது எனக்கு இது ஐந்தாவது முறை. முதல் முறை பார்த்து நாலு வருடமும் சில மாதங்களும் ஆகிவிட்டன. துருவின் மேல் பூசினால் அதைக் கறுப்புப் படலமாக மாற்றும், ரஸ்ட் கன்வெர்ட்டர் எனப்படும் துருமாற்றியை வாங்குவதற்கு முன் அதைப் பற்றித் தேடியபோது, பூசிய அன்றும் மறுநாளும் எடுத்த படங்களே நிறையக் கிடைத்தன. எல்லாம் கன்னங்கரேலென்று, பார்க்கவே நிறைவாக இருந்தன. இரண்டு மூன்று மழைக்காலம் போனபின் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று சொன்னவர்கள் குறைவு. நான் தேடியபோது கிடைக்காததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கார் பழையதாக வாங்கியது. வாங்கிய சில மாதங்களில் உள்ளே ஒரு நமுத்த வாடை வந்தது. ஏசி போட்டால் கூடும், கண்ணாடியை இறக்கினால் குறையும். காலடி மேட்டைத் தூக்கிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அதோடு விட்டுவிட்டேன், அதுதான் முதல் தவறு. கார்பெட்டின் மேல்பக்கம் காய்ந்திருக்கும், அடியில் ஒட்டியிருக்கும் ஃபோம் தண்ணீரைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் அப்படியே வைத்திருக்கும். கையை உள்ளே விட்டு ஃபோமை அழுத்திப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கடைசியில் கார்பெட்டை உரித்தபோது, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியில் தகடு செம்மண் நிறத்தில் பொருக்குப் பொருக்காக எழும்பி நின்றது. ஓட்டுநர் பக்கம் அவ்வளவு மோசமில்லை. பெயிண்ட் மங்கி, ஆங்காங்கே மெல்லிய துரு படர்ந்திருந்தது. இந்த வித்தியாசம்தான் பின்னால் எனக்குப் பெரிய பாடமாக ஆனது, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே நாளில், ஒரே புட்டியிலிருந்து, ஒரே கையால் பூசினேன்.

அன்று செய்தது இவ்வளவுதான். வயர் பிரஷால் பத்து நிமிடம் தேய்த்தேன், தூசியைத் துடைத்தேன், பால் போன்ற அந்தத் திரவத்தை பிரஷால் இரண்டு கோட் அடித்தேன். அரை மணி நேரத்துக்குள் செந்நிறம் ஊதாவாகி, ஊதா கறுப்பானது. கண்ணெதிரே துரு மறைவதைப் பார்க்கும்போது வேலை முடிந்துவிட்டது என்ற நம்பிக்கை தானாக வந்துவிடுகிறது. மறுநாள் கார்பெட்டைப் போட்டு சீட்டை மாட்டிவிட்டேன். பிரைமர் இல்லை, பெயிண்ட் இல்லை, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற விசாரணையும் இல்லை.

14ஆவது மாதம் அதே வாடை திரும்பி வந்தது. பக்கத்து இருக்கைப் பக்கம் அந்தக் கறுப்புப் படலம் விரல் நகத்தால் நெம்பினாலே பாலாடை போல் எழும்பி வந்தது. அதன் அடிப்பக்கத்தில் புதுத் துரு, பொடிப்பொடியாக, ஈரத்தோடு. ஓட்டுநர் பக்கம் படலம் தகட்டை விட்டு அசையவில்லை. ஆனால் ஊசிமுனை அளவுக்குச் செம்புள்ளிகள் பத்துப் பன்னிரண்டு தலைகாட்டியிருந்தன.

ஒரே மருந்து இரண்டு பக்கத்தில் இரண்டு விதமாக வேலை செய்தது ஏன் என்று தெரிய, அந்தக் கறுப்பு என்ன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். நான் பூசியது டானிக் அமில வகை. கடுக்காயிலும் தேயிலையிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள்தான் டானின். அது இரும்பு ஆக்சைடோடு சேர்ந்து இரும்பு டானேட் என்ற நீலக்கறுப்பு உப்பாகிறது. பல நூற்றாண்டுகளாக எழுத்து மை செய்ததும் இதே வினையால்தான். திரவத்தில் கலந்திருக்கும் பாலிமர் காய்ந்து அந்த உப்பின் மேல் ஒரு தோல் போலப் படிகிறது. இன்னொரு வகையில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். இரண்டையும் கலந்து வருவதும் உண்டு. எந்த வகையானாலும் திரவம் ஊறிய ஆழம் வரைதான் மாற்றம் நடக்கும். துரு எந்த இரும்பிலிருந்து வந்ததோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்வது. அதனால்தான் அது அடுக்கடுக்காக உப்பி எழுகிறது. அப்படி உப்பிய பொருக்கின் மேல் பூசினால் மேலடுக்கு கறுக்கும், கீழடுக்கு தொடப்படாமல் கிடக்கும். பொருக்கே தகட்டில் ஒட்டியிராதபோது அதன் மேல் ஒட்டிய படலம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? ஓட்டுநர் பக்கம் துரு மெல்லியது, திரவம் அடிவரை போய்விட்டது, அதனால் நின்றது. செம்புள்ளிகள் வந்ததற்குக் காரணம் வேறு. இந்தப் படலம் தனியாகத் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அடர்த்தியானதல்ல, மேலே பெயிண்ட் வேண்டும். புட்டியின் பின்னாலேயே அது அச்சிட்டிருந்தது. நான்தான் படிக்காமல் விட்டேன்.

இரண்டாவது சுற்றில் புட்டியைத் திறப்பதற்கு முன் தண்ணீரைத் தேடினேன். முழு வேலையிலும் அதிகப் பலன் தந்த மணி நேரம் அதுதான். தம்பியை டார்ச்சோடு உள்ளே காலடியில் படுக்கவைத்து, கதவுகளை மூடி, ஹோஸ் பைப்பால் ஒரு நேரத்தில் ஒரே இடத்தில் மட்டும் ஐந்தைந்து நிமிடம் தண்ணீர் விட்டேன். முதலில் கதவு ஓரம், பிறகு கதவின் மேல் விளிம்பு. ஒன்றும் இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் விட்ட இரண்டாவது நிமிடம், "அண்ணே, நிறுத்துங்க, இங்க கொட்டுது" என்றான். அந்தப் பள்ளத்தின் வடிகால் துளை மக்கிய இலையால் அடைத்துப்போய், தேங்கிய தண்ணீர் வெளிக்காற்று உள்ளே வரும் வழியாக நேராகக் காலடிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வளைந்த கம்பியும் கால் மணி நேரமும்தான் செலவு. எல்லாக் காரிலும் இதுவே காரணமாக இருக்காது. ஏசியின் வடிகுழாய் அடைத்தாலும் உள்ளேதான் சொட்டும். கதவு ரப்பர் தளர்ந்தாலும், சன்ரூஃபின் வடிகுழாய் விட்டுப்போனாலும், தரையிலுள்ள ரப்பர் மூடிகள் காய்ந்து சுருங்கினாலும் இப்படி ஆகும். இனிப்பான வாடையோடு பிசுபிசுப்பாக ஈரம் இருந்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் கசிகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு தகடு. சத்தத்தைக் குறைக்கத் தொழிற்சாலையில் ஒட்டும் தார்ப்பட்டைகள் இருந்த இடத்தையும் விடவில்லை. ஓரம் தூக்கியிருந்த பட்டையைப் பெயிண்டர்கள் பட்டி பார்க்கும் தட்டைக் கத்தியால் நெம்பி எடுத்தபோது அதன் அடியிலும் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. இறுக ஒட்டியிருந்த பட்டைகளைத் தொடவில்லை. அடுத்து, சுத்தியலின் பின்புறத்தால் தட்டி, மழுங்கிய ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். நல்ல தகடு கணீரென்று சொல்லும், அரித்த தகடு பொத்தென்று சொல்லும். பெரும்பாலான கார்களில் இந்தத் தகட்டின் கனமே ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். குத்தும்போது உள்ளே இறங்கினால் அங்கே எந்தத் திரவமும் உதவாது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் வழி. சீட்டு போல்ட், சீட் பெல்ட் கொக்கி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம் ஆகிய இடங்களில் இதில் சமரசமே கூடாது. மோதலின்போது ஆளைத் தாங்கிப் பிடிப்பவை அவைதான். கறுப்புப் படலம் பூசினால் அவை உறுதியாக இருப்பதுபோல் தெரியும், உறுதி மட்டும் திரும்பி வராது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் தரையில் புதிதாகக் கறுப்பு அடித்திருப்பதைக் கண்டால் தட்டிப் பார்க்காமல் வரவேண்டாம். எனக்குப் பொத்தல் விழவில்லை. ஆனால் ஒரு இடத்தில் குத்தியபோது மயிரிழையில் தப்பியதாகத்தான் தோன்றியது.

சுரண்டும் வேலைக்கு ஒன்றரை நாள் ஆனது. டிரில்லில் மாட்டும் வயர் பிரஷ், உளி, கடைசியில் 80 எண் உப்புத்தாள். முதல் முறை பத்து நிமிடம் என்றேன் அல்லவா, அந்தப் பத்து நிமிடத்துக்கும் இந்த ஒன்றரை நாளுக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்று என் கார் தரையில் தெரிகிறது. பொருக்கு முழுவதும் போய், பள்ளங்களுக்குள் மட்டும் கெட்டியான பழுப்புத் துரு மிஞ்சும்வரை தேய்க்க வேண்டும். அந்த மிச்சத்துக்குத்தான் இந்த மருந்து. பளிச்சென்று வெள்ளையாக இரும்பு தெரியும் இடத்தில் அது வினைபுரிய ஒன்றுமில்லை. அங்கே சும்மா ஒரு பலவீனமான படலமாகக் கிடந்து, பின்னால் பெயிண்ட்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசி, முழுக்கக் காயவிட்டேன். கடலோரத்திலோ பனிக்கு உப்புத் தூவும் சாலைகளிலோ ஓடிய வண்டி என்றால் இந்த அலசலை இன்னும் கவனமாகச் செய்யுங்கள். துருவின் குழிகளுக்குள் உப்பு தங்கிவிட்டால் மேலே என்ன பூசினாலும் அடியிலிருந்து மறுபடி அரிக்கும்.

பூசும்போது கவனித்தவை சில. தேவையான அளவை மட்டும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ள வேண்டும், மிஞ்சியதைப் புட்டியில் திரும்ப ஊற்றக்கூடாது. பிரஷ் வழியாகப் போகும் துருவே புட்டிக்குள் வினையைத் தொடங்கி மொத்தத்தையும் கெடுத்துவிடும். வெயிலில் சுட்டுக்கிடக்கும் தகட்டில் பூசினால் ஊறும் முன்பே காய்ந்துவிடுகிறது. அதனால் நிழலில், மெல்லிய கோட்டாக இரண்டு முறை. பிறகு 48 மணி நேரம் எதுவும் செய்யாமல் விட்டேன். இந்தக் காத்திருப்புதான் எனக்கு மிகவும் கடினம். தொட்டால் ஒட்டாது, காய்ந்துவிட்டது என்றே தோன்றும்.

மேலே எந்த பிரைமர் என்பதில் ஒரு நாள் குழம்பினேன். எபாக்ஸிதான் சிறந்தது என்று பலரும் சொல்வார்கள், வெறும் இரும்பின் மேல் அது உண்மையும்கூட. ஆனால் நான் வாங்கப்போன எபாக்ஸியின் குறிப்புத்தாளில், அமிலத் துருமாற்றியின் மேல் பூசவேண்டாம் என்றே இருந்தது. மிஞ்சும் அமிலம் எபாக்ஸி இறுகுவதைக் கெடுக்கும். துருமாற்றியின் புட்டி எண்ணெய் சார்ந்த பிரைமரைச் சொன்னது. அதையே அடித்தேன். அதன் மேல் எனாமல் இரண்டு கோட். தகடுகள் சேரும் மடிப்புகளில் பிரைமருக்குப் பின், எனாமலுக்கு முன் சீம் சீலர், அதாவது இடுக்கை அடைக்கும் பசை. ஓட்டுநர் பக்கம் பழைய படலம் உறுதியாக இருந்ததால் செம்புள்ளிகளை மட்டும் சுரண்டித் தொட்டு, மேலே அதே பிரைமர், அதே எனாமல்.

அதன்பின் மூன்று வருடம் ஓடிவிட்டது. இடையில் இரண்டு முறை கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன், இப்போது மறுபடியும். சமமான தகட்டில், இரு பக்கமும், ஒரு புள்ளிகூட இல்லை. நகத்தால் நெம்பியும் ஒட்டும் பட்டையை அழுத்தி இழுத்தும் பார்த்தேன், அசையவில்லை. தார்ப்பட்டையை எடுத்த இடங்களும் சுத்தம். சீட்டு போல்ட் துளைகளைச் சுற்றி, போல்ட்டை முறுக்கும்போது பெயிண்ட் நொறுங்கிய வளையத்தில் மட்டும் லேசான பழுப்பு. அது எதிர்பார்த்ததுதான், இந்த முறை போல்ட்டை மாட்டும் முன் மெழுகு தடவுகிறேன்.

தோற்ற இடம் ஒன்று உண்டு. பக்கத்து இருக்கைப் பக்கம், தரைத்தகடும் கதவோரச் சட்டமும் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து புள்ளிவெல்டிங்கில் சேரும் மடிப்பு. ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு சீலர் உப்பி, அதன் ஓரத்தில் துருக்கறை கசிந்திருக்கிறது. இரண்டு தகடுகளுக்கு நடுவில் பிரஷும் போகாது, உப்புத்தாளும் போகாது. திரவம் கொஞ்சம் ஊறியிருக்கலாம், ஆனால் உள்ளே இருந்த பொருக்கை நான் எடுக்கவே இல்லையே. துருவை உள்ளே வைத்து வாயை சீலரால் அடைத்தது என் தவறு. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது அதே மடிப்பின் வெளிப்பக்கமும் ஈரமாக இருந்தது. தொழிற்சாலையில் அடித்த தார்ப்பூச்சு பார்வைக்கு முழுசாக இருந்தாலும் விளிம்பில் பிரிந்து, பை போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. மேல்பக்கத்தை மட்டும் மூன்று வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன், அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் மூன்று விஷயத்தை மறக்க வேண்டாம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பி இருந்தால் அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் இழுப்பானுடையது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுத்த பிறகே அதைப் பிரிக்க வேண்டும். தகட்டின் அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று முதலில் பார்த்துக்கொண்டு, அதன் பிறகு டிரில்லைக் கையில் எடுக்க வேண்டும். கண்ணாடி, கையுறை, தூசி முகமூடி மூன்றும் கட்டாயம். சிதறும் கம்பிகள் வயர் பிரஷிலிருந்து குண்டூசிபோல் பறக்கும்.

இப்போது அந்த மடிப்பின் சீலரை வெட்டி எடுத்துவிட்டேன். உள்ளே வெறும் காற்று அடித்து, கம்பி நுழையும் தூரம்வரை பொருக்கைக் கிளறி வெளியே எடுத்தாயிற்று. இந்த முறை அங்கே துருமாற்றி பூசப் போவதில்லை. நன்றாகக் காய்ந்ததும், இடுக்குக்குள் ஊர்ந்து போகும் சட்டமெழுகை (கேவிட்டி வாக்ஸ்) நீளக்குழாய் வழியாக உள்ளும் அடியிலும் அடித்து, வாயைத் திறந்தே விடப்போகிறேன். குத்திப் பார்த்ததில் தகடு இன்னும் கணீரென்றுதான் சொல்கிறது. சீட்டுகள் வெளியே கிடக்கின்றன, மின்விசிறி தரையைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறது. கார்பெட்டின் ஃபோமில் இன்னும் சிறிது ஓதம் இருப்பதால், மாட்ட இரண்டு நாள் ஆகும்.