பவுலிங் பந்தைத் துளையிடக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் லீக் ஆடுகிறவர்களுக்காக, முக்கியமாகச் சொந்தமாக முதல் பந்து வாங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். 800 ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து நான் வாங்கிய பந்தை ஒரு புரோ ஷாப் (பந்து விற்று, துளையிட்டும் தரும் கடை) பாழாக்கிவிட்டது.

பந்தின் மேல் ஒரு சிறு நிறப்புள்ளி இருக்கும். உள்ளே இருக்கும் கோரின் (எடைக்கட்டையின்) தலைப்பகுதி எங்கே இருக்கிறது என்பதை அது காட்டும். கையை விட்டுப் போகும் பந்து எந்த அச்சில் சுழல்கிறதோ, அந்த அச்சு பந்தின் மேற்பரப்பைத் தொடும் இடத்துக்கு பி.ஏ.பி. என்று பெயர். நிறப்புள்ளிக்கும் பி.ஏ.பி.க்கும் இடையே எத்தனை அங்குலம் என்பதுதான் லேஅவுட்டின், அதாவது துளைகளை எங்கே இடுவது என்ற திட்டத்தின், உயிர். 3⅜ அங்குலத்தை நெருங்கினால், ஒவ்வொரு சுற்றிலும் பந்து புதிய இடத்தில் தரையைத் தொட்டு, லேனில் (பந்து உருளும் தளத்தில்) பூசிய எண்ணெய் பந்தின் மேல் பதிக்கும் வளையங்கள் அகலமாக விரியும். பூஜ்யத்தையோ 6¾ அங்குலத்தையோ நெருங்கினால் விரிவே இருக்காது. பி.ஏ.பி. ஆளுக்கு ஆள் மாறும். பந்தின் அடியில் கையை வைத்து நேராகத் தூக்கிவிடுகிறவருக்கு ஓரிடம், பக்கவாட்டில் திருப்பிவிடுகிறவருக்கு வேறிடம்.

அந்தக் கடையில் நான் வீசுவதை யாரும் பார்க்கவில்லை. “அண்ணே, எல்லோருக்கும் பிடியின் நடுவிலிருந்து பி.ஏ.பி. ஐந்து அங்குலம்தான், கவலைப்படாதீர்கள்” என்று சொல்லி விரல் அளவு மட்டும் எடுத்தார் அந்த இளைஞர். என் வீச்சில் பந்து கட்டைவிரல் துளையை ஒட்டியே உருளும். அப்படி உருளுகிறவர்களுக்கு வளையங்கள் அளவுக்கு மேல் விரியக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பால பாடம்.

லேனில் போட்டதுமே ‘டக், டக்’ என்று சத்தம். எடுத்துப் பார்த்தால் எண்ணெய் வளையங்கள் கட்டைவிரல் துளையின் விளிம்பிலேயே ஏறியிருந்தன. லேனில் எண்ணெய் பூசிய பகுதி முடிவதற்குள்ளேயே பந்து வளையத் தொடங்கி, பின்களை அடையும்போது வலுவிழந்துவிடும். பாக்கெட்டில் (1, 3ஆம் எண் பின்களுக்கு இடையில்) சரியாக விழுந்தாலும் 10ஆம் எண் பின் அசையாமல் நிற்கும்.

திரும்பப் போனபோது அவர் சொன்னதுதான் இன்னும் கோபமூட்டுகிறது. கூடுதலாக 60 ரிங்கிட் கொடுத்தால் பக்கத்தில் ஒரு சமன்துளை (பிடிக்க அல்ல, எடையைச் சரிசெய்ய மட்டும் இடும் துளை) போட்டுச் சரிசெய்துவிடலாமாம். 2020 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை நிர்வகிக்கும் அமெரிக்க பவுலிங் காங்கிரஸின் விதிப்படி சமன்துளைக்கு இடமே இல்லை. அந்த விதியில் நடக்கும் போட்டிக்கு அந்தப் பந்தை எடுத்துச்செல்லவே முடியாது. தொழிலே இதுவான ஒருவருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தே சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

வேறொரு கடையில் ஒரு பெரியவர் என்னை லேனுக்கே அழைத்துப்போய் வீசச் சொன்னார். முதல் எண்ணெய் வளையத்தின் மேல் மெழுகுப் பென்சிலால் கோடு வரைந்து, அளவுகோலைப் பொருத்தி, பி.ஏ.பி.யைக் கண்டுபிடித்தார். பிடியின் நடுவிலிருந்து 4¼ அங்குலத்தில் இருந்தது. முதல் கடை அதை 5 என்று தானே வைத்துக்கொண்டு, அங்கிருந்து நிறப்புள்ளிக்கு 4½ அங்குலம் விட்டிருந்தது. என் கைக்கு அது ஏறக்குறைய 3¾ ஆகிவிட்டது. விரிவு உச்சத்தைத் தொடும் இடத்துக்கு அருகில்! பழைய துளைகளை அடைத்து, ஒரு நாள் காய வைத்து, புதிதாகத் துளையிட்டுக் கொடுத்தார். இப்போது சத்தம் இல்லை. ஆனால் இரண்டு முறை கூலி கொடுத்திருக்கிறேன்.

ஆகவே, நீங்கள் வீசுவதைப் பார்க்காமல் துளைக்கும் கருவியைத் தொடுகிறவரிடம் பந்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் பி.ஏ.பி. அளவையும் நிறப்புள்ளி தூரத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். ஆஸ்திரேலிய வீரர் ஜேசன் பெல்மான்டே போல இரு கைகளால், கட்டைவிரல் நுழைக்காமல் வீசுகிறவரா? “இருக்கட்டும்” என்று கட்டைவிரல் துளையும் போட்டுத்தர வந்தால் உடனே தடுத்துவிடுங்கள். பிடிக்கப் பயன்படாத துளையும் அதே விதியில் சிக்கும்.

முதல் கடையிடம் கூலியைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். துளையிட்ட பந்துக்குப் பணம் திரும்பாது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சாகியிருப்பதைக் காட்டுகிறார்கள்.