சுத்துதோ, சுடுதோ: ஒரு கிளியரிங் அலுவலகம் பற்றி

சுன்னாகத்திலை சலூன் வைச்சு 11 வருசம். கொஞ்சக் காலமா டுபாயிலை இருக்கிற மச்சானைக் கொண்டு கிளிப்பர், ட்ரிம்மர், கத்தரிக்கோல் எடுப்பிச்சு மற்றச் சலூன்காரருக்கும் குடுக்கிறன். இந்த முறை சாமானைச் சுங்கத்திலை இருந்து எடுத்துத் தந்தது யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் மாடியிலை இருக்கிற ஒரு சின்னக் கிளியரிங் அலுவலகம். விளம்பரம் வேண்டாமெண்டு அங்கை இருக்கிற ஐயா சொன்னதாலை பேர் போடேல்லை.

போன முறை வேறை ஒருவரிட்டைக் குடுத்து வாங்கிக் கட்டினனான். அவர் பெட்டியைத் திறந்தும் பாக்கேல்லை. கிளிப்பருக்கான ஸ்பெயார் பிளேட் 200ஐயும் சவர பிளேட் எண்டு 82.12 எண்ட கோட்டிலை போட்டார் (சுங்கத்திலை ஒவ்வொரு வகைச் சாமானுக்கும் இப்பிடி ஒரு கோட் இருக்கு). கொழும்பிலை சுங்கக்காரர் மறிச்சுப்போட்டினம். கஸ்டெக், அதுதான் சுங்கத்துக்குக் குடுக்கிற சாமான் விபரப் பத்திரம், திருத்தி முடிய 9 நாள், அந்த 9 நாளுக்கும் களஞ்சியக் கூலி என்ரை தலையிலை.

இந்த ஐயா அப்பிடியில்லை. சாமான் ஏத்த முதலே ஒவ்வொண்டிலும் ஒரு சாம்பிள் கொண்டரச் சொன்னார். மச்சான் ஊருக்கு வந்த ஒராளிட்டைக் குடுத்துவிட்டதைக் கொண்டுபோனன். "எல்லாத்தையும் மேசையிலை எடுத்து வையும் தம்பி" எண்டார். பிறகு ஒவ்வொண்டாத் தூக்கி ஒரே கேள்வி: "உது சுத்துதோ, சுடுதோ?"

மோட்டர் வைச்சு மயிர் வெட்டிறது 85.10. சேவர் 8510.10, கிளிப்பர் 8510.20. சூடாக்கி வேலை செய்யிற ஸ்ட்ரெய்ட்னர் 85.16. நான் விடேல்லை. "டிரையருக்குள்ளையும் மோட்டர் சுத்துதுதானே ஐயா?" எண்டன். சிரிச்சார். "அது காத்து ஊதத்தான் சுத்துது. டிரையரை 8516.31 எண்டு பேர் சொல்லியே போட்டிருக்கு."

ஸ்பெயார் பிளேட்டைக் கையிலை எடுத்தவுடனை என்ரை பழைய கதையைச் சொன்னன். ஒண்டும் பேசாமல் தடிச்ச சுங்கக் கோட் புத்தகத்தை எடுத்து 82ஆம் அத்தியாயத்தின்ரை தொடக்கத்திலை, 2ஆம் குறிப்பிலை விரலை வைச்சார். மின்சாரச் சேவர், கிளிப்பருக்கான பிளேட் 85.10க்குத்தான் போகவேணும் எண்டு அதிலை அப்பட்டமாக் கிடக்கு. அந்த ஒரு வரியைப் பாக்காததுக்குத்தான் நான் 9 நாள் கூலி கட்டினனான்.

அப்பாவின்ரை பழைய கை மெசின், ரெண்டு பிடியையும் அமத்தி அமத்தி வெட்டிறது, இப்பவும் கடை அலுமாரியிலை இருக்கு. அது எதுக்குள்ளை வரும் எண்டு சும்மா கேட்டன். 82.14 ஆம். கத்தரிக்கோல் 82.13, பிளாஸ்டிக் சீப்பு 96.15, கழுத்துத் தட்டுற பிரஷ் 96.03. சேவிங் ஃபோம் 33.07, ஷாம்பு 33.05.

எனக்கு உண்மையா விளங்காமல் இருந்தது கிஃப்ட் பெட்டிதான். ட்ரிம்மர், சீப்பு, சின்னக் கத்தரிக்கோல், பிரஷ் எல்லாம் ஒரே பெட்டியிலை வருது. நாலுக்கும் நாலு கோட் எண்டு நினைச்சிருந்தன். விக்கிறதுக்கெண்டே செட்டா அடுக்கி வந்தால், கோட் போடுற பொது விதிகளிலை 3(ஆ) விதிப்படி அதிலை முக்கியமான சாமான் எதுவோ அதின்ரை கோட்தான் முழுப் பெட்டிக்கும். ட்ரிம்மர் இல்லாட்டி அந்தப் பெட்டியை ஆர் வாங்கிறது? ஆகவே 8510.20. அதே சீப்பை டசின் கணக்கிலை தனியாக் கொண்டந்தால் 96.15க்கே போகும்.

மச்சான்ரை இன்வொயிசிலை இருந்த கோட்டை அப்பிடியே பாத்து எழுதவும் விடேல்லை. முதல் 6 இலக்கம்தான் எல்லா நாட்டுக்கும் பொது, மிச்சத்தை அந்தந்த நாடு தன்பாட்டுக்குப் போடுறது எண்டார்.

குறையும் இருக்கு. ஃபோன் எடுக்கவே மாட்டினம். படி செங்குத்து, பெட்டியோடை ஏற மூச்சு வாங்கும். பகல் 12.30க்குக் கதவைச் சாத்தினால் 2 மணி மட்டும் ஆரும் இல்லை. கஸ்டெக் கொப்பி கையிலை வர நாலு தரம் அலைஞ்சன். கூலியும் போன முறையிலும் பாக்க 3,000 ரூபா கூட. ஆனால் சாமான் ஒரு நாளும் மறிபடாமல் வந்து சேந்தது.

அடுத்ததா சலூனுக்கு ரெண்டு கதிரை எடுக்கப்போறன். அதுக்கும் ஐயாவிட்டைத்தான். 94.02 ஆம், பல்லு வைத்தியரின்ரை கதிரையும் அதுக்குள்ளைதான் வருது. நீங்கள் போறதெண்டால் 11 மணிக்கு முதல் போங்கோ.