குளுசையை வைத்து விஞ்ஞானம் படிப்பிக்க: நாலு பரிசோதனைகள், ஓர் ஒப்பீடு

மருந்தியலை வைத்து உயிரியலையும் இரசாயனவியலையும் படிப்பிக்க, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் உயர்நிலைப் பாடசாலைகளுக்கென்றே பாடத்தொகுதிகள் ஆக்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்து வகுப்பில் அதே வேலையை எதைக்கொண்டு செய்யலாம்? இரண்டு பாடவேளை, நாற்பது பிள்ளைகள், அரைகுறை ஆய்வுகூடம் என்ற கணக்கில் நாலு வழிகளை எடைபோடுகிறோம்.

நுண்ணுயிர்க்கொல்லி வைத்த பற்றீரியாத் தட்டு பார்க்க அழகானது. ஆனாலும் அதை முதலே தள்ளிவிடுகிறோம். பாடசாலைகளில் இத்தட்டுகளை 25 பாகை செல்சியஸ் அளவில்தான் வளர்க்கவேண்டும். உடல் வெப்பநிலையை நெருங்க நெருங்க மனிதருக்கு நோய் தரும் கிருமிகள் செழிக்கும். எங்கள் அறைகளோ வெயில் காலத்தில் 30ஐத் தாண்டுகின்றன. நீராவியால் கிருமியழிக்கும் அழுத்தக்கலன் இல்லாத இடத்தில் தட்டுகளை அழிப்பதும் சிக்கல். வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலினைக் கொண்டுவரச் சொன்னால், மருந்தை மிச்சம் பிடிக்கிற பழக்கத்தையே படிப்பித்ததாகிவிடும்.

நெஞ்செரிவுக் குளுசை நியமிப்பு, அதாவது செறிவு தெரிந்த கரைசலைத் துளித்துளியாக விட்டு அளவு காண்பது, உயர்தர வகுப்புக்கு உகந்தது. கல்சியம் காபனேற்று 500 மி.கி உள்ள குளுசையை எடுங்கள். தூளாக்கி, 0.5 மோல்/லீ ஐதரோக்குளோரிக் அமிலம் 25 மி.லீ விட்டு, காபனீரொட்சைட்டு போகும்வரை ஐந்து நிமிடம் மெல்லச் சூடாக்குங்கள். தெறித்துப்போன அமிலமும் குளுசை நடுநிலையாக்கிய கணக்கில்தான் சேரும், ஆகவே கொதித்துப் பொங்க விடக்கூடாது. ஆறியபின் 100 மி.லீ ஆக்கி, அதில் 20 மி.லீ எடுத்து, குளுசை தின்னாமல் மிஞ்சிய அமிலத்தை, பினோல்தலீன் காட்டியுடன் 0.1 மோல்/லீ சோடியமைதரொட்சைட்டால் நியமிக்கவேண்டும். குளுசையில் சரியாக 500 மி.கி இருந்தால் 5 மி.லீ போகும். அளவி போதாவிட்டால் பாமசியில் வாங்கும் 5 மி.லீ சிறிஞ்சே போதும். அதில் ஒரு கோடு, அதாவது 0.2 மி.லீ, குளுசையின் 5 மி.கி.

பிழை வரும் இடம் தண்ணீர். சுண்ணக்கல்லில் ஊறிய கிணற்றுத் தண்ணீரின் இருகாபனேற்று அமிலத்தைத் தின்றுவிடும். லீற்றருக்கு 300 மி.கி காரத்தன்மை உள்ள தண்ணீரை 80 மி.லீ சேர்த்தால் 24 மி.கி வரை குளுசையில் இல்லாமலே கூடக்கூடும். காய்ச்சிவடித்த தண்ணீர்தான் வேண்டும். லேபிளையும் வடிவாகப் பாருங்கள். அலுமினியம் கலந்த குளுசையில் அலுமினிய அயன்களும் காரத்தை எடுத்துக்கொள்வதால் முடிவுப்புள்ளி ஏமாற்றும். கல்சியம் லாக்டேற்றுக் குளுசையோ அமிலத்தை வாங்கி, பினோல்தலீன் நிறம் மாறுமுன் திருப்பிக் கொடுத்துவிடும். விடை பூச்சியம்தான். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அதையே வேண்டுமென்று கொடுத்து ஏனென்று கேட்கலாம்.

அஸ்பிரின் நிறச்சோதனைக்குச் செலவு குறைவு, ஆனால் அளவு எதுவும் கிடைக்காது. ஆசிரியர் செய்துகாட்ட நல்லது. அஸ்பிரின் தூளை 2 மோல்/லீ சோடியமைதரொட்சைட்டு 5 மி.லீயில் பத்து நிமிடம் வெந்நீர்த் தொட்டியில் வைத்து, ஆறவிட்டு, பாசிச்சாயத்தாள் சிவக்கும்வரை மட்டும் அமிலம் சேர்த்து, 1% பெரிக்குக் குளோரைட்டு இரண்டு துளி விடுங்கள். சலிசிலிக்கமிலத்தின் ஊதா தெரியும். காரத்தை நடுநிலையாக்காமல் விட்டால் கபிலநிற வீழ்படிவு, அமிலம் கூடினால் ஊதா மங்கும். மாரி ஈரத்தில் கிடந்து வினாகிரி மணக்கும் பழைய குளுசை, சூடாக்காமலே ஊதா காட்டும். டெங்கு பரவும் அந்த மாதங்களில் அஸ்பிரின் ஏன் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லவேண்டும்: குருதியை உறையவைக்க உதவும் குருதிச் சிறுதட்டு, அஸ்பிரின் தொட்டால், தன் ஆயுள் முழுக்க, ஏழு முதல் பத்து நாள், பழையபடி ஒட்டாது.

நாலாவது வழியான சாயத் தண்ணீரில் மருந்தே இல்லை. இருந்தும் எங்கள் முதல் தெரிவு அதுதான், குறிப்பாகப் பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்கு. ஒரு லீற்றர் தண்ணீரில் உணவுச் சாயம் பத்துத் துளி. பாத்திரம்தான் உடல், இந்தச் சாயம் ஒரு வேளை மருந்து. 200 மி.லீ வெளியே, 200 மி.லீ புதுத் தண்ணீர் உள்ளே, நன்றாகக் கலக்கு: இது ஒரு தரம். மாதிரியை வெளியே எடுத்த 200இல் இருந்தே சிறு போத்தலில் வையுங்கள், பாத்திரத்தில் தொட்டால் கணக்குக் குழம்பும். தொடங்கமுன் ஒரு கேள்வி: எத்தனை தரத்தில் சாயம் முடியும்? அனேகர் "ஐந்து" என்பார்கள், 200ஐ ஐந்தால் பெருக்கி. ஐந்தாம் தரம் 33% இன்னும் நிற்கும். மூன்று தரத்தில் 51%. மருந்து இப்படிப் பாதியாகும் நேரம்தான் அரைவாழ்வுக் காலம். பரசிற்றமோலுக்கு (பனடோல்) அது ஏறத்தாழ 2 முதல் 3 மணித்தியாலம்.

பிறகு மூன்று தரத்துக்கு ஒருமுறை பத்துத் துளி சேர்த்துக்கொண்டே போகவேண்டும். ஐந்தாவது வேளையில் நிறம் முதல் வேளையின் இருமடங்கை எட்டி, அதன்பின் ஏறாமல் நிற்கும். அடுத்த குழு ஒவ்வொரு தரமும் பத்துத் துளி விடட்டும்: அது ஐந்து மடங்கு வரை போகும். காய்ச்சல் விடவில்லையென்று இடைவெளி பாராமல் பனடோல் போடுவதன் ஆபத்தை, இரண்டு போத்தல்களை ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்தாலே பிள்ளைகள் கண்டுகொள்வார்கள்.