பில்லில் புதுப் பேட், வண்டியில் பழைய பேட்: முன் பிரேக் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தபோது என் பைக்கின் முன் பிரேக் லிவர் எந்தப் பிடிப்பும் இல்லாமல் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. பின்னால் என் அம்மா உட்கார்ந்திருந்தார். அந்தப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பாதிதான் இறங்கியிருந்தோம்.

அதற்குப் பதினாறு நாட்கள் முன்புதான் எங்கள் பகுதியிலுள்ள ஒரு சர்வீஸ் சென்டரில் முன் பிரேக்குக்கு மட்டும் 1,140 ரூபாய் கட்டியிருந்தேன். பில் இப்போதும் என் கையில் இருக்கிறது. பேட் செட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தகட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் துண்டுகள்) 520, அந்தப் பேடுகளைத் தாங்கும் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் இட்ட கூலி 380, பிரேக் ஆயில் மாற்றியது 240. இந்த மூன்றில் ஒன்றைக்கூட அவர்கள் செய்யவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் எப்படி ஏமாந்தேன் என்பதை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

வண்டியை எடுக்கப் போனது ஒரு சனிக்கிழமை மாலை. நல்ல கூட்டம். வண்டி கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் சிறிய கண்ணாடியில் ஆயில் மேல்விளிம்பு வரை நிறைந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் வேலை நடந்திருக்கிறது என்று நம்பினேன். உண்மையில் அந்த மட்டம் பேட் தேய்மானத்தைக் காட்டும் அளவுகோல். பேட் தேயத் தேய, அதை டிஸ்க் மேல் தள்ளும் பிஸ்டன் வெளியே நகரும். அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப ஆயில் காலிப்பருக்குள் இறங்கும், டப்பாவில் மட்டம் குறையும். எங்கும் கசிவு இல்லாமல் மட்டம் குறைந்திருந்தால் பேடைப் பாருங்கள் என்று வண்டியே சொல்கிறது என்று அர்த்தம். அவர்கள் பேடைத் தொடாமல் மேலே ஆயிலை ஊற்றி அந்த அடையாளத்தையே அழித்துவிட்டார்கள். என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால்கூட அந்தக் கண்ணாடி என்னை எச்சரித்திருக்கும்.

ஒரு வாரத்தில் வண்டியைத் தள்ளினால் கனமாக இருந்தது. லிட்டருக்கு 48 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 41க்கு இறங்கியது. நிறுத்தியதும் முன்சக்கரத்திலிருந்து ஒரு கருகல் வாடை. திரும்பப் போய்ச் சொன்னேன். சூப்பர்வைசர் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "புதுப் பேட் சார், 500 கிலோமீட்டர் ஓடினால் தானாகச் சரியாகிவிடும்" என்றார். நான்கு நாள் கழித்து மறுபடியும் போனேன். அதே பதில்.

அந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் நம்பிவிட்டேன். புதுப் பேட் டிஸ்க்கோடு பொருந்தி உட்காரக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்பது சரிதான். அதுவரை பிரேக் சற்று மந்தமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே ஓடுவதும், டிஸ்க் கொதிப்பதும் பேட் புதியது என்பதால் வருவதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள்.

கொல்லிமலைக் கோயிலில் இருக்கும் அறப்பளீஸ்வரரைப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏறும்போது பிரேக்குக்கு அதிக வேலை இல்லை. இறங்கும்போது நிலைமை வேறு. ஏற்கெனவே உரசிக்கொண்டிருந்த பேட், ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடிக்க, இன்னும் சூடாகியது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. என் வண்டிக்கு உரிய டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். அதன் பிறகு லிவரை அழுத்தினால் குமிழிகள்தான் நசுங்கும், பேடுக்கு அழுத்தம் போகாது. எனக்கு நடந்தது இதுதான்.

முதல் கியருக்கு இறக்கி, பின் பிரேக்கை மிதித்து, மலைப்பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. என் தோளைப் பிடித்திருந்த கையை மட்டும் வெகுநேரம் எடுக்கவில்லை. அவரை அடுத்து வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து, ஆயில் ஆறி, லிவர் ஓரளவு திரும்பியபின், முதல் கியரிலேயே அடிவாரம் வந்து சேர்ந்தேன்.

அங்கே பஞ்சர் கடையோடு சேர்த்து வண்டி வேலையும் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஸ்பானரை எடுப்பதற்கு முன் அவர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்." காலிப்பரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் காய்ந்த சேறும் துருவும் விரிசல்கூட இல்லாமல் அப்படியே படிந்திருந்தன. ஸ்பானர் பட்ட தடமே இல்லை. பேடுகளைத் தாங்கும் பின் என்ற கம்பியும் அப்படித்தான். கழற்றாமல் பேட் மாற்ற வழியே கிடையாது. அந்தப் படங்கள்தான் இன்று என் புகாருக்கு உயிர்.

முன்சக்கரத்தைத் தூக்கி, லிவரைப் பிடித்து விட்டு, கையால் சுற்றினார். அரைச் சுற்றுகூட வரவில்லை. காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளை லேசாகத் தளர்த்தினார், மறுபடி சுற்றினார். அப்போதும் இறுக்கம் போகவில்லை. தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டிருந்தால் ஆயில் திரும்பும் வழியில், மேலே லிவர் பக்கம் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலோ குழாயிலோ, அழுத்தம் தேங்கி நிற்கிறது என்று பொருள். விடுபடவில்லை என்றால் கோளாறு காலிப்பரில் என்று விளக்கினார். இருபது வினாடி வேலை. இரண்டு முறை வாசல் வரை போன எனக்குச் சர்வீஸ் சென்டரில் இதைக்கூடச் செய்து பார்க்கவில்லை.

கழற்றியதும் எல்லாம் தெரிந்தது. காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் இரண்டு பின்களில் ஒன்று துருவேறி இறுகியிருந்தது. பிஸ்டன் பக்கத்துப் பேடில் உராயும் பொருள் தீர்ந்து, இரும்புத் தகடே டிஸ்க்கைத் தேய்க்க ஆரம்பித்திருந்தது. மறுபக்கத்துப் பேடில் இன்னும் 2 மில்லிமீட்டர் மீதி. வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் கண்ணில் பட்டு ஏமாற்றிவிடும், இரண்டையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். டப்பாவின் அடியிலிருந்து வந்த ஆயில் டிகாஷன் நிறத்தில் இருந்தது. புது ஆயில் வெளிர் தேன் நிறத்தில் இருக்கும்.

டிஸ்க் பிரேக்கில் பேடைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர விளிம்பு ரப்பர் வளையம், அழுத்தும்போது சற்று முறுக்கிக்கொண்டு, விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கிறது. அந்த மயிரிழைதான் இடைவெளி. பிஸ்டனில் அழுக்குப் படிந்தாலோ பின் இறுகினாலோ அதுவும் போய்விடும். அதனால்தான் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் 380 ரூபாய் வேலையைப் பேட் மாற்றுவதைவிட முக்கியமானதாக நினைக்கிறேன். பெரியவர் பின்னைத் தேய்த்து, சிலிகான் கிரீஸ் மட்டும் தடவினார். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும் என்றார். டிஸ்க்கில் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமன் 3.5 மில்லிமீட்டர். அளந்தபோது 3.7 இருந்ததால் அது தப்பியது. புதுப் பேட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 850 ரூபாய் வாங்கினார். பழைய பேடுகளைத் தாளில் சுற்றி அவராகவே என் கையில் கொடுத்தார்.

மறுநாள் அந்தப் பேடுகளோடு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மலையில் பிரேக் பிடித்தே ஓட்டித் தேய்த்திருப்பேன் என்றார்கள். சர்வீஸுக்குப் பின் ஓடியது 610 கிலோமீட்டர். நீங்கள் கழற்றிய பழைய பேட் எங்கே என்று கேட்டேன். குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். போல்ட் படங்களைக் காட்டிய பிறகு குரல் மாறியது. புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் 520 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். நான் எழுதிக் கொடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட விவகாரத்துக்கு அங்கே கட்டணம் இல்லை.

வண்டியை விடும்போதே, மாற்றும் பாகம் எதுவாக இருந்தாலும் பழையது என் கைக்கு வர வேண்டும் என்று ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் சீட்டு) எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிட்டோம் என்பார்கள். எடுக்கும்போது, கூட்டமாக இருந்தாலும், முன்சக்கரத்தைத் தூக்கி லிவரை நாலைந்து முறை பிடித்து விட்டுச் சுற்றிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். மெல்லிய உரசல் சத்தம் கேட்கும், அது இயல்பு. லேசாகத் தள்ளினால் சக்கரம் ஓரிரு சுற்றாவது தடையின்றி ஓடி நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் வண்டியை எடுக்காதீர்கள். வீட்டுக்கு வரும் வழியில் முன் பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, டிஸ்க் அருகே புறங்கையை நீட்டிப் பாருங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். பிரேக்கே பிடிக்காமல் அனல் அடித்தால் திரும்பிப் போங்கள்.

கடந்த சில மாதங்களில் முன் பிரேக் வேலைக்குப் பணம் கட்டியவர்கள் இன்று இரவே டார்ச் அடித்து அந்தப் போல்ட் தலைகளைப் பாருங்கள். பழைய சேறு உடையாமல் இருந்தால் துடைத்துவிடாதீர்கள். முதலில் படம் எடுங்கள்.